வாசகர் கேள்விகள்: எல்லையில் பிரிந்த குடும்பங்கள்

கேள்வி: 2018இல் அமெரிக்க – மெக்சிகோ எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்களே, எந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது?

பதில்: ‘பிரித்துவிடு’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அனுமதியின்றி எல்லை தாண்டுவது அங்கே சிறு குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை. அதுவரை குழந்தையோடு பிடிபட்டவர்கள் மேல் பெரும்பாலும் கிரிமினல் வழக்குப் போட்டதில்லை. 2018 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் (அமெரிக்க நீதித் துறையின் தலைவர்) ஜெஃப் செஷன்ஸ் ‘துளியும் சகிப்பில்லை’ என்ற கொள்கையை அறிவித்தார்: அனுமதியின்றி எல்லை தாண்டும் எல்லார் மேலும் வழக்கு. மே மாதம் குடும்பங்களும் அதில் சிக்கின. பெற்றோர் கிரிமினல் காவலுக்குப் போனால் பிள்ளை உடன் போக முடியாது. ‘துணையின்றி வந்த சிறார்’ என்று பதிந்து, அதை அகதிகளைக் கவனிக்கும் வேறொரு அலுவலகத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். அம்மா கையைப் பிடித்து வந்த பிள்ளை காகிதத்தில் தனியாள்! டெக்சஸ் மாநில எல்லையிலுள்ள எல் பாசோ பகுதியில் இதை 2017இலேயே சோதித்தும் பார்த்திருந்தார்கள்.

கேள்வி: நீதிமன்றம் உடனே சேர்த்துவைக்கச் சொன்னதே, ஏன் இத்தனை ஆண்டு இழுத்தது?

பதில்: 2018 ஜூன் 26 அன்று சான் டியாகோ நீதிபதி டேனா சப்ரா கெடு விதித்தார்: 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு 14 நாள், மற்றவர்களுக்கு 30 நாள். சிக்கல் பதிவேட்டில் இருந்தது. பெற்றோர் ஒரு துறையின் கணினியில், பிள்ளை இன்னொரு துறையின் கணினியில். இரண்டையும் இணைக்கும் பொது எண் கிடையாது. கைதியின் பணத்துக்கும் காருக்கும் கணக்கு வைக்கும் அரசு பிள்ளைகளுக்கு வைக்கவில்லை என்று நீதிபதியே எழுதினார். உறவை உறுதிசெய்ய டி.என்.ஏ. சோதனை வரை போனார்கள்.

அதற்குள் 400க்கும் மேற்பட்ட பெற்றோர் பிள்ளையில்லாமல் நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். கோப்பில் இருந்த தொலைபேசி எண்கள் பல வேலை செய்யவில்லை. கடைசியில் தன்னார்வ அமைப்புகளின் ஆட்கள் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்துத் தேட வேண்டியிருந்தது. பிரித்தது அரசு, தேடியது பெரும்பாலும் வெளியாட்கள். இது கண்டிக்கத்தக்கது.

கேள்வி: நாடு கடத்தப்பட்டவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள்?

பதில்: 2021 பிப்ரவரியில் அதிபர் பைடன் அமைத்த பணிக்குழு வழியாக. இணையத்தில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. பிரிக்கப்பட்டவர்தானா என்று கோப்புகளில் சரிபார்த்தார்கள். பிறகு ‘பரோல்’ எனும் தற்காலிக நுழைவனுமதிக்கு விண்ணப்பம். பாஸ்போர்ட், பயண ஏற்பாடுகளில் ஐ.நா.வின் குடிபெயர்வு அமைப்பு உதவியது. பரோல் 3 ஆண்டுக்கு. வேலை அனுமதியும் கேட்க முடிந்தது. ஆனால் அது நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் ‘கிரீன் கார்டு’ அல்ல. கெடு முடிவதற்குள் தஞ்சம் கோரியோ வேறு வழியிலோ விண்ணப்பிக்காதவர் மறுபடி நாடு கடத்தப்படும் அபாயத்தில் நிற்பார். வக்கீல் இல்லாத குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: மறுபடியும் இப்படி நடக்க முடியுமா?

பதில்: அதே காரணம் காட்டி முடியாது. வழக்குத் தொடுத்த பெற்றோர் தரப்புக்கும் அரசுக்கும் இடையே ஏற்பட்டு, 2023 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தம், எல்லை தாண்டியதற்காக வழக்குப் போட்டுப் பிரிப்பதை 8 ஆண்டுக்குத் தடுக்கிறது. பெற்றோரால் பிள்ளைக்கு ஆபத்து என்பது போன்ற விலக்குகள் உண்டு. அப்போதும் காரணத்தைப் பதிவுசெய்தாக வேண்டும். பணிக்குழு உத்தரவை 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் ரத்து செய்தார். நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தை அப்படி ஒரு கையெழுத்தில் ரத்து செய்ய முடியாது.