பழைய காரின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

கேள்வி: என் பழைய காரின் பின்பக்கம் ஒருபுறம் தாழ்ந்திருக்கிறது; பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி நெடுநேரம் ஆடுகிறது. ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே ஆட்டம் பின்னதன் தேய்மானத்தையும், தாழ்வு முன்னதன் தளர்ச்சியையும் காட்டுகின்றன. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) உடைந்த பட்டை இருக்கிறதா என்பதையும், ஸ்பிரிங் பொருந்தும் இடத்தில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். துருவேறிய இரும்பில் புது ஸ்பிரிங்கை மாட்டுவது ஆபத்து.

எதை மாற்றினாலும் ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளும் புதியவையாக இருக்கட்டும். ரப்பர் புஷ் (இணைப்பில் பொருத்தும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் முழு எடையும் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருந்தால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் உரிய கம்ப்ரஸர் கருவியில்லாமல் அதைக் கழற்ற முயலவே வேண்டாம். அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. நெம்புகோல் வகைப் பழைய ஷாக் அப்சார்பர்களைத் தூக்கி எறியாதீர்கள்: எண்ணெய் குறைந்ததே காரணமென்றால் உரிய எண்ணெய் ஊற்றினாலே சில சமயம் சரியாகும், சீல் கசிந்தால் புதுப்பிக்கலாம்.