தாம்பாளத்துல ஒரு நானோமீட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தம் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில சயின்ஸ் எடுக்கறேன், 8, 9, 10 மூணு கிளாஸும் நான்தான். இந்த வருஷம் எக்சிபிஷனுக்கு நானோ டெக்னாலஜி, அதான் ரொம்ப ரொம்பச் சின்ன துகள வச்சுப் பண்ற டெக்னாலஜி, பண்ணுங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. எங்க லேப்ல உருப்படியா ஒரு மைக்ரோஸ்கோப் கூட இல்ல. கண்ணுக்கே தெரியாத ஒண்ண பசங்களுக்கு எப்படி நடத்தறது? சார்ட்ல படம் வரைஞ்சு ஒட்டிட்டா போதுமா?

பதில்: சார்ட் வேணாம் டீச்சர். மைக்ரோஸ்கோப் இல்லன்னும் கவலப்படாதீங்க, எவ்ளோ ஒசத்தியானது வாங்கினாலும் சாதாரண வெளிச்சத்துல பாக்கற மைக்ரோஸ்கோப் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது. பாக்கறத விட்டுட்டு அளக்கறதுல ஆரம்பிங்க.

ஒம்பதாங் கிளாஸ்ல திருகு அளவி (ஸ்க்ரூ கேஜ்) இருக்கில்ல, அத எடுத்து ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தலைமுடிய அளக்கட்டும். 0.07, 0.08 மில்லிமீட்டர்னு வரும், அப்படின்னா 70,000, 80,000 நானோமீட்டர். ஒரு மீட்டர நூறு கோடியா பங்கு போட்டா ஒரு பங்குதான் நானோமீட்டர்னு நீங்க எத்தன தடவ போர்டுல எழுதினாலும் ஏறாதது, தன்னோட முடியோட தடிமன கையில அளந்த பையனுக்கு சட்டுனு ஏறும்.

அடுத்தது எண்ணெய். நான் சர்வீஸ்ல இருந்தப்ப வருஷா வருஷம் பண்ணது இது. ஒரு பெரிய தாம்பாளத்துல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி ஆடாம வைங்க. முகத்துக்குப் போடற பவுடர மெல்லிசு துணியில முடிஞ்சு மேல லேசா தட்டுங்க, பனி படிஞ்ச மாதிரி இருந்தா போதும். மெல்லிசான கம்பி நுனிய நல்லெண்ணெயில தொட்டு எடுத்தா ஒரு குட்டித் துளி நிக்கும், ஸ்கேல் பக்கத்துல வச்சுப் பாத்து அர மில்லிமீட்டர் இருக்கற துளியா புடிச்சு தண்ணி நடுவுல தொடுங்க. பவுடர் சர்ருனு விலகி வட்டமா ஒரு இடம் தெளியும், கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு. துளியோட கன அளவ வட்டத்தோட பரப்பால வகுத்தா எண்ணெய்ப் படலத்தோட தடிமன் வந்துடும், சுமார் 2 நானோமீட்டர். எண்ணெய் மூலக்கூறு ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஒரே வரிசையா பரவி நிக்குது, அதான் அவ்ளோ மெல்லிசு. கோள கன அளவு, வட்டப் பரப்பு ரெண்டும் பத்தாங் கிளாஸ் பசங்களே போட்டுடுவாங்க, எட்டாவது, ஒம்பதாவது பசங்களுக்கு மட்டும் கோள ஃபார்முலாவ நீங்க சொல்லிக் குடுங்க.

மொத தடவ எனக்கு இது வரவே இல்ல. எண்ணெய் தொடறதுக்கு முன்னாடியே பவுடர் ஓரமா ஓடிப் போச்சு, கிளாஸே என்னப் பாக்குது. அப்புறம்தான் புரிஞ்சுது, தாம்பாளத்த சோப்பு போட்டு விளக்கி இருந்தாங்க, ஒட்டிக்கிட்டு இருந்த சோப்பு போதும் எல்லாத்தையும் கெடுக்க. வெந்நீர்ல நாலஞ்சு தடவ அலசிட்டு அப்புறமா பண்ணுங்க. இதோட மூலம் அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டன் பக்கத்துல ஒரு குளத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊத்தினதும் அர ஏக்கர், அதாவது 50 சென்ட், அலையில்லாம அமைதியாச்சுன்னு 1774-ல எழுதி இருக்காரு. தடிமன் கணக்கு அவரு போடல, நம்ம பசங்க போடலாம், அங்கயும் 2, 3 நானோமீட்டர்தான் வரும்.

அளவு புரிஞ்சுட்டா, சின்னதானா பொருளோட குணம் ஏன் மாறுதுங்கறதுதான் மிச்சம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரமா ஒரு உருளைக்கெழங்கு வெட்டுங்க, பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். எட்டா வெட்டினா 12. இப்படியே நானோமீட்டர் துண்டு வரைக்கும் வெட்ட முடிஞ்சா மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர், ஏறக்கொறைய ஒன்றர ஏக்கர்! அதே உருளைக்கெழங்குதான், வெளியில தெரியற முகம்தான் அதிகமாச்சு. ரசாயன வினை நடக்கறது அந்த முகத்துல. ரெண்டாவது துண்டுலயே பசங்க அடுத்தது என்னன்னு கத்த ஆரம்பிச்சுடுவாங்க.

அடுத்தது இலயில தண்ணி ஒட்டாததப் பாக்கறது. தாமரை இல கெடைக்கலன்னா சேப்பங்கெழங்கு இல கொண்டாரச் சொல்லுங்க. தண்ணி முத்து முத்தா உருளும், அப்புறம் ஒரு இடத்த விரலால நல்லா அழுத்தித் தேய்ச்சுட்டு ஊத்தச் சொல்லுங்க. "இன்னா சார் இது, தேச்ச எடத்துல மட்டும் ஒட்டிக்கீது"ன்னு ஒரு பையன் எங்கிட்ட கேட்டான். இல மேல நுண்ணிய மேடு மேடா இருக்கு, அதுக்கு மேல மெழுகு நானோ அளவுல முள்ளு மாதிரி நிக்குது, தேய்ச்சா அது நசுங்கிடுது. தாமர இலத் தண்ணின்னு நாம பேச்சுல சொல்றது எல்லாம் அந்த மெழுகு செய்யற வேலதான்.

இன்னொண்ணு, எக்சிபிஷன்ல கீழடிய வைப்பீங்க. நம்ம வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இருந்த குழுதான் 2020-ல கி.மு. ஆறாம் நூற்றாண்டு கீழடிப் பானை ஓட்டோட கறுப்புப் பூச்சுல கார்பன் நானோ குழாய், அதாவது கார்பன் அணுவால ஆன நானோமீட்டர் அளவு குழாய், இருக்குன்னு சொன்னது. தாராளமா வைங்க, பெருமையான விஷயம். ஆனா "அப்பவே நமக்கு நானோ டெக்னாலஜி தெரியும்"னு மட்டும் எழுதிடாதீங்க. பானை சுட்ட கைக்கு சூளை தெரியும், குழாய் உருவானது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, பசங்களுக்கு அந்த வித்தியாசத்த சொல்றதுதான் சயின்ஸ் டீச்சர் வேல.

கேள்வி: ஆற்காட்டுல இருந்து எழுதறேன் சார். பையன் ஏழாவது படிக்கறான். நானோ சயின்ஸ் கோர்ஸ்னு ஒரு சென்டர்ல பணம் கேக்கறாங்க, சேக்கலாமா?

பதில்: ஏழாவதுக்கு வேண்டாம்ங்க. அந்தப் பணத்துல ஒரு நல்ல தராசும் ஒரு கைலென்சும் வாங்கிக் குடுங்க, மேல சொன்ன தாம்பாளத்த வீட்லயே பண்ணுங்க. சோப்புத் தண்ணியில ரெண்டு சொட்டு பால் விட்டு, இருட்டு ரூம்ல டார்ச் அடிச்சு பக்கவாட்டுல இருந்து பாக்கச் சொல்லுங்க, வெளிச்சம் போற பாதை தெரியும். ஒம்பதாவதுல டிண்டால் விளைவுன்னு படிக்கும்போது அவனுக்கு அது பழைய விஷயமா இருக்கும்.

கேள்வி: அணைக்கட்டு பக்கம் கத்திரி போட்டிருக்கேன். மூட்டை யூரியாவுக்கு பதிலா இலயில தெளிக்கற நானோ யூரியா பாட்டில் போதும்னு சொல்றாங்க. ஒம்பதாவது படிக்கிற என் பொண்ணு, அது எப்படிப்பா முடியும்னு கேக்கறா.

பதில்: உங்க பொண்ணு சரியான கேள்வி கேட்டிருக்கு. மூட்டை 45 கிலோ, அதுல நைட்ரஜன் 46 சதவீதம், கிட்டத்தட்ட 20 கிலோ. 2021-ல மொதல்ல வந்த 500 மில்லி பாட்டில்ல 4 சதவீதம், வெறும் 20 கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். துகள் சின்னதா இருந்தா இல நேரா இழுத்துக்கும்னு தயாரிச்சவங்க சொல்றாங்க, பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுலயும் கோதுமையிலயும் சோதிச்சுப் பாத்து விளைச்சல் கொறஞ்சுதுன்னு சொல்லி இருக்கு. அதனால முழு நிலத்தையும் மாத்திடாதீங்க. ஒரே மாதிரி மண்ணுல ரெண்டு பாத்தி ஒதுக்கி, ஒண்ணுக்கு வழக்கமான யூரியா, இன்னொண்ணுக்கு பாட்டில், மத்ததெல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு பறிப்புக்கும் எட போட்டு நோட்டுல எழுதற வேலய பொண்ணுகிட்டயே குடுங்க. பறிப்பு முடிஞ்சதும் அந்த நோட்ட எனக்கு அனுப்பி வைங்க, இதே பக்கத்துல போடறேன்.