உங்களுக்கு நீங்களே டாரோ பார்க்கலாமா?

குறி கேட்பதற்காக இல்லாமல், தன் மனதைத் தானே உற்றுப் பார்க்க டாரோ அட்டைகளைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

தனக்குத்தானே டாரோ பார்த்துக்கொள்ளக் கூடாது, முதல் அட்டைக்கட்டை யாராவது பரிசாகத்தான் தர வேண்டும் என்கிறார்களே, உண்மையா? கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகி, ஈரோடு

இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. சொந்தக் காசில் தாராளமாக வாங்குங்கள். டாரோ பிறந்ததே குறி சொல்ல அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத்தான் தொடங்கியது. பிரான்சில் இன்றும் அதை ஆட்டமாக ஆடுகிறார்கள். குறி பார்க்கும் வழக்கம் 1780களில் பிரான்சிலிருந்துதான் பரவலானது. ஆகவே 'ஆதிகாலத்து விதி' என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கு ஜோசியர் பலன் சொல்வார், நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள். இங்கே சொல்பவரும் கேட்பவரும் நீங்களே. அட்டைக்கு உங்கள் எதிர்காலம் தெரியாது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதில் இப்போது மனதுக்குள் ஓடுவது கொஞ்சம் வெளியே வந்துவிடும். அதைத் தாளில் பிடித்துவைக்கத்தான் இந்தப் பயிற்சி.

கடையில் பூனைப் படம், தேவதைப் படம் என்று நூறு வகை இருக்கின்றன. எதை வாங்குவது?
– கல்லூரி மாணவி, திருச்சி

தொடங்குபவருக்கு ரைடர்–வெய்ட்–ஸ்மித் கட்டு. 1909இன் இறுதியில் லண்டனில் வெளிவந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. பெட்டியின் பெயரில் வெகுகாலம் அந்தப் பெண்ணுக்கு இடமே தரப்படவில்லை. அட்டைகளின் கீழ் மூலையில் பாம்புபோல் நெளியும் ஒரு சிறு கையொப்பம் இருக்கும், தேடிப் பாருங்கள், அது அவருடையது.

மொத்தம் 78 அட்டைகள். அதில் 22 மேஜர் ஆர்கானா, அதாவது 'மரணம்', 'துறவி' என்று தனித்தனிப் பெயர் கொண்ட பெரிய அட்டைகள். மீதி 56 மைனர் ஆர்கானா, அதாவது சாதாரணச் சீட்டுக்கட்டு போன்ற சிறிய அட்டைகள்: கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை, வகைக்கு 14. 'மார்செய்' என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் 'கோப்பை ஐந்து' என்றால் ஐந்து கோப்பைகளும் அலங்காரமும்தான். பமேலா அந்த எண் அட்டைகளிலும் மனிதர்களை வைத்துக் காட்சிகளாக வரைந்தார். சுயமாகப் பார்க்கிறவருக்கு அந்தக் காட்சிகள்தான் தேவை.

போலிக் கட்டுகள் நிறையப் புழங்குகின்றன. வாங்கியதும் 78ம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கோடுகள் மங்கலாக இருந்தால், அட்டை மெலிதாக வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகபாவமே தெரியாத படத்தை வைத்து எதையும் யோசிக்க முடியாது.

எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். பரீட்சைக்குப் படிப்பது போல இருக்கிறது, மனதில் ஒன்றும் ஒட்டவில்லை.
– வாசகர், மதுரை

புத்தகத்தை முதலில் திறப்பதுதான் கோளாறு. அது கடைசியில் வர வேண்டியது.

இருபது நிமிடம், ஒரு நோட்டு, ஒரு பேனா. போன் வேறு அறையில் இருக்கட்டும். தேதி போட்டு முதலில் கேள்வியை எழுதுங்கள். 'வேலையை விட்டுவிடலாமா?' என்பது ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்வி. அட்டையிடம் அந்தப் பதில் இல்லை. 'இந்த வேலையை விட்டால் எதை இழந்துவிடுவேன் என்று பயப்படுகிறேன்?' என்று மாற்றுங்கள். கேள்விக்குள் 'நான்' இருக்க வேண்டும். 'என்ன', 'எதை', 'எப்படி' என்று கேளுங்கள். 'எப்போது நடக்கும்' வேண்டாம்.

அடுத்து, மூன்று அட்டைகளுக்கும் மூன்று இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். 1: இப்போதைய நிலவரம். 2: நான் பார்க்கத் தவறுவது. 3: இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம். இதை அட்டை எடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். எடுத்த பிறகு இடம் ஒதுக்கினால், பிடித்த அட்டை நல்ல இடத்துக்கும் பிடிக்காத அட்டை அடுத்தவர் தலைக்கும் போய்விடும்.

கலைப்பதிலும் கவனம் தேவை. புதுக் கட்டு வரிசையாக அடுக்கி வரும். கையில் வைத்து நாலைந்து முறை மாற்றிப் போட்டால் கொத்துக் கொத்தாக அப்படியே இருக்கும், கோப்பையாகவே வந்துகொண்டிருக்கும். தரையில் துணி விரித்து, 78ஐயும் குப்புறப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு முழு நிமிடம் அளைந்துவிட்டு ஒன்று சேருங்கள். இடது கையா, வலது கையா என்பதெல்லாம் முக்கியமில்லை.

மேலிருந்து மூன்று எடுங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், அர்த்தம் வேண்டாம். 'கோப்பை ஐந்து' வந்தது என்று வைத்துக்கொள்வோம். கறுப்புப் போர்வை போர்த்தியவர் தலை குனிந்து நிற்கிறார். அவர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளே இருந்தது தரையில் கொட்டிக் கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அப்பால் ஆறு, ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் ஒரு கோட்டை.

பிறகு மூன்று கேள்விகள்: என் கண் முதலில் எங்கே போனது? இந்தப் படத்தில் நான் யார், அல்லது எது? அடுத்த நொடியில் இங்கே என்ன நடக்கும்? ஒருவர் 'இவர் இழந்ததை நினைத்து அழுகிறார்' என்று எழுதுவார். இன்னொருவர் 'வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டு நிற்கிறார்' என்று எழுதுவார். படம் ஒன்றுதான். இரண்டாமவர் எழுதிய அந்த 'வெட்கம்' எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, அவரிடமிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். முரண்பட்டால் உங்களுடையதை அடிக்காதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

கடைசி வரி, ஏழு நாளுக்குள் முடிக்கக்கூடிய ஒரு செயல். 'நம்பிக்கையோடு இருப்பேன்' என்பது செயல் அல்ல. 'வெள்ளிக்கிழமைக்குள் அக்காவுக்குப் போன் செய்து கடன் விஷயத்தைப் பேசுவேன்' என்பது செயல்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் 'மரணம்' அட்டை வந்துவிட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
– வாசகி, தூத்துக்குடி

நிம்மதியாக இருங்கள் அம்மா. அந்த அட்டைக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. 78இல் எந்த மூன்றை எடுத்தாலும் அது அதில் இருக்க 26இல் ஒரு வாய்ப்பு உண்டு. யார் வீட்டில் யார் படுத்திருந்தாலும் அதே கணக்குத்தான். அப்பாவின் உடல்நிலை பற்றிய கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள், அட்டையிடம் வேண்டாம்.

மனம் அடங்கிய பிறகு, விருப்பமிருந்தால் படத்தை ஒரு முறை பாருங்கள். கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. கையில் வெள்ளை ரோஜா வரைந்த கறுப்புக் கொடி. அரசர் கீழே விழுந்து கிடக்கிறார். சமயகுரு நின்றபடி கைகூப்புகிறார். ஒரு பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் குழந்தை மட்டும் நிமிர்ந்து குதிரையைப் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். மாற்றம் ஒன்று எதிரே வரும்போது மனிதர்கள் நடந்துகொள்ளும் நான்கு விதங்கள் இவை. 'இந்த வாரம் இந்த நால்வரில் நான் யார்?' என்று கேட்டுக்கொள்ளலாம்.

தினம் ஒரு அட்டை எடுக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் 'துறவி' இரண்டு முறை வந்துவிட்டார். இது ஏதோ செய்திதானே?
– வாசகர், பெங்களூரு

கணக்கைப் பாருங்கள். தினமும் 78ஐயும் நன்றாகக் கலைத்து ஒன்று எடுத்தால், 11ஆம் நாளுக்குள் ஏதாவது ஒரு அட்டை இரண்டாம் முறை வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 30 நாளில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் திரும்பி வந்த அட்டை பயிற்சிக்கு நல்லது: முதல் முறை எழுதியதைப் பார்க்காமல் புதிதாக எழுதி, பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அட்டை மாறவில்லை, எழுதியவரிடம் எது மாறியிருக்கிறது என்று தெரியும்.

பிரிந்து போனவர் திரும்பி வருவாரா என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது.
– பெயர் வேண்டாம்

ஐந்து முறை எடுத்தால் ஐந்து விதமாகத்தான் வரும். நல்ல அட்டை வந்ததும் நிறுத்துவோம், கெட்டது வந்தால் மறுபடி எடுப்போம். இதில் அட்டைக்கு வேலையே இல்லை. அவர் மனதில் இருப்பது உங்கள் கையில் உள்ள அட்டையில் இராது.

இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்கு ஒரே முறை. அதே கேள்வியை மீண்டும் தொட 30 நாள் கழிய வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போதும், இரவு பதினொரு மணிக்கு மேலும் கட்டைத் தொடக் கூடாது. முதல் வாரம் கட்டை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்தாலும் நல்லதே. கேள்வியையும் மாற்றலாம்: 'அவர் இல்லாத இந்த மாலை நேரத்தை நான் எதைக் கொண்டு நிரப்புகிறேன்?' சாப்பாடு, தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே ஒரு மனிதரிடம் பேசுங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம்.

எது வந்தாலும் எனக்கு அப்படியே பொருந்துகிறது. இதை எப்படி நம்புவது?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

நல்ல சந்தேகம். பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு 'உங்கள் குணநலன்' என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். 1949இல் வெளியான ஆய்வு இது. பொதுவான வாக்கியம் யாருக்கும் பொருந்தும்.

ஆகவே 'பொருந்துகிறது' என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். நோட்டில் 'மாற்றம் வருகிறது' போன்ற வரிகள் இருந்தால் அடித்துவிடுங்கள். ஒரு ஆளின் பெயர், ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு உரையாடல் என்று ஏதாவது குறிப்பாக இருக்கிற வரியை மட்டும் விட்டுவையுங்கள். மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி, எழுதிய செயல்களில் எத்தனையைச் செய்தீர்கள் என்று எண்ணுங்கள். பத்தில் நாலாவது நடந்திருந்தால் பயிற்சி உதவுகிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் பழைய பட்டியலை முடியுங்கள்.

தலைகீழாக வரும் அட்டைக்குத் தனி அர்த்தம் படிக்க வேண்டுமா?
– வாசகி, சேலம்

முதல் ஆறு மாதம் வேண்டாம். நேராகத் திருப்பி வைத்துப் பாருங்கள். 78 படங்களும் முகம் பார்த்த ஆட்கள் போலப் பழகிய பிறகு, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.