பாலையா, இலுப்பையா?

கேள்வி: எங்கள் கோயில் வீதியில் நிற்கும் பழைய மரத்தைச் சிலர் பாலை என்கிறார்கள், சிலர் இலுப்பை என்கிறார்கள். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. எப்படி உறுதிப்படுத்துவது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பால் வடிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டுமே சப்போட்டா குடும்பம், இரண்டிலும் வடியும். நன்றாக முற்றிய இலைகள் நாலைந்தைப் பறித்து நுனியைப் பாருங்கள். பாலை இலை தடிப்பானது, அடி ஒடுங்கி மேலே அகன்றிருக்கும். நுனி நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும். இலுப்பை இலை நீளமானது, நுனி ஒடுங்கியிருக்கும், கிளை நுனிகளில் கொத்தாக நெருங்கி நிற்கும். தளிர் செம்பு நிறம். ஒரே ஒரு இலையைப் பார்த்தால், பூச்சி அரித்த நுனிகூட ஏமாற்றிவிடும்.

பூக்காலமென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. இலுப்பையின் சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூக்கள் விடியும்போது மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். ஆலையில்லா ஊருக்குச் சர்க்கரையான அதே பூ. காம்பைத் தொட்டுப் பாருங்கள், துரு நிறத்தில் மென்மயிர் தட்டுப்படும். பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டு, பிஞ்சு திரண்ட பிறகும் அதன் நுனியில் ஊசிபோல நிற்கும். பாலையின் பூ மிகச் சிறியது. அதன் மஞ்சள் பழத்தைத் தின்று உதடு ஒட்டாதவர் இங்கே குறைவு.

கேள்வி: அதே மரத்தைச் சுற்றிச் சீமெந்து மேடை கட்டித்தர உபயகாரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அடிமரத்தில் பொந்தும் உண்டு. அதையும் அடைத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் பல இடங்களில் மெல்லிய படைதான். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில், கிளைகளின் நிழலையும் தாண்டி ஓடும். நீரையும் சத்தையும் எடுக்கும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு அடியில்தான். சீமெந்து போட்டால் அங்கே காற்றும் மழைநீரும் இறங்காது. உடனே ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும், அப்போது மேடையை யாரும் நினைக்கமாட்டார்கள். அடிமரத்தோடு மண் குவித்தாலும் பட்டை அழுகும்.

உபயகாரர் மனம் கோணாதிருக்க, கிளை விரிவுக்கு வெளியே சாந்து பூசாமல் கல் வரம்பு அடுக்கலாம். உள்ளே விழும் சருகை எரிக்காமல் மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்திலிருந்து அரை அடி விட்டு. பெயர்ப்பலகைக்குத் தனிக் கம்பம். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

பொந்து தானாக மரத்தைக் கொல்லாது. உயிரோட்டம் பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான் நடக்கிறது. நெடுந்தீவிலுள்ள பெருக்குமரத்தின் (பாவோபாப்) கோறைக்குள் ஆட்களே போய் நிற்கலாம், மரம் தளிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சீமெந்து அடைத்தால் காற்றில் மரம் ஆடும்போது விளிம்பு விலகி, இடுக்கில் நீர் தேங்கி அழுகல் கூடும். பொந்துக்குள் விளக்கு மட்டும் வைக்க வேண்டாம்.

கேள்வி: சுற்றளவைக் கொண்டு வயது சொல்லலாமா?

பதில்: முடியாது. மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப ஒரே வயது மரங்களே வேறு வேறாகப் பருக்கும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, திகதியுடன் கோயில் பதிவில் எழுதி வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே உயரத்தில் அளந்தால் போதும்.