கார் ஷெட்டிலும் பட்டறையிலும் முட்டி போட்டு வேலை செய்ய எந்த மெத்தை வாங்கலாம்?

நீங்கள் கேள்வியில் சொன்னதை வைத்தே பேசுகிறேன். வீட்டு ஷெட்டில் கார், ஸ்கூட்டர் சர்வீஸை நீங்களே பார்க்கிறீர்கள். ஒரு மூலையில் கிரைண்டரும் டிரில்லும் வைத்துக் கொஞ்சம் இரும்பு வேலையும் உண்டு. சிமெண்ட் தரை. வயது ஐம்பதை நெருங்குகிறது, வேலை செய்த மறுநாள் காலையில் முட்டி பிடிக்கிறது. ஆன்லைனில் ஜெல், மெமரி ஃபோம், இ.வி.ஏ., காலில் கட்டும் நீ பேட் என்று வரிசையாக வருவதால் எதை எடுப்பது என்று தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இ.வி.ஏ. ஃபோம் மெத்தை, அதாவது லேசான செருப்புகளில் வருகிற, ரப்பர் போன்ற பிளாஸ்டிக் ஃபோம். 30 முதல் 40 மி.மீ. தடிமன், குறைந்தது 45-க்கு 30 செ.மீ. அளவு, தொட்டால் "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்று தோன்றுகிற விறைப்பு. மெத்தென்று விரல் புதைகிற எதையும் எடுக்க வேண்டாம். இதுதான் பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கிறது, அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முட்டி போடும்போது உடம்பு எடை தட்டையான ஒரு பரப்பில் இறங்குவதில்லை. முட்டிச் சில்லின் கீழ்விளிம்பிலும், அதற்குச் சற்றுக் கீழே கால் எலும்பில் தட்டுப்படுகிற மேட்டிலும்தான் இறங்குகிறது. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை கிடையாது. 70 கிலோ உள்ள ஒருவர் வீல் நட்டைக் கழற்ற ஒரு முட்டியில் சாய்கிறார் என்று வையுங்கள். வெறும் தரையில் 20 சதுர செ.மீ. மட்டும் படுவதாகக் கொண்டால், ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 3.5 கிலோ. முட்டியின் வளைவைச் சுற்றி மெத்தை அணைத்துக்கொண்டு படும் பரப்பை 60 ஆக்கிவிட்டால் அது 1.2 கிலோவுக்கும் கீழே போய்விடும். மெத்தையின் வேலை இவ்வளவுதான்: எடையைக் குறைக்க முடியாது, பரப்பித் தர முடியும்.

மிருதுவான ஸ்பாஞ்ச் இதில்தான் ஏமாற்றும். கட்டைவிரலால் அமுக்கினால் சுகமாக இருக்கும். முட்டி இறங்கியதும் அது முழுதாக நசுங்கி, கடைசி இரண்டு மூன்று மி.மீட்டர் ஒரு துணி போல ஆகிவிடும். அப்போது நீங்கள் முட்டி போட்டிருப்பது மறுபடியும் சிமெண்டில்தான், நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் தாள் இருக்கிறது, அவ்வளவே. முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருந்து, பிறகு வலிக்கிற மெத்தைகள் எல்லாம் இந்த வகை. மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்தாலும் வளைவைச் சுற்றி அணைக்காது, அதுவும் பயனில்லை. பாதி அமுங்கி, அதற்கு மேல் "போதும்" என்று எதிர்த்து நிற்கிற மெத்தைதான் வேண்டும்.

இந்த விஷயம் நம் ஊரில் நன்றாகவே ஆராயப்பட்டது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்கு, பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு, புண் வராத செருப்பு செய்ய வேண்டியிருந்தது. 1950-களில் அங்கே அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வெவ்வேறு பொருட்களை வைத்துப் பார்த்து, கடைசியில் எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பருக்கு வந்தார்கள். அதற்கு வைத்த விறைப்பு, ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கிற ஷோர் அளவில் 15-ஐ ஒட்டியது. எலும்பு முனைகளுக்குக் கீழே அழுத்தத்தைப் பரப்ப வேண்டும், ஆனால் நசுங்கிப்போகக் கூடாது என்பதுதான் அங்கேயும் கணக்கு. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. ஒரு ஜோடி வீட்டில் இருந்தால் அதன் மேல் அடுக்கை அமுக்கிப் பாருங்கள். முட்டி மெத்தைக்கு வேண்டிய விறைப்பு ஏறக்குறைய அதுதான். ஹவாய் செருப்பின் அடிப்பாகம் அதைவிடக் கெட்டி.

கடையில் சோதிக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. விரலால் அமுக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுத் தரையில் போட்டு, ஒரே முட்டியில் முழு எடையையும் இறக்கி, இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். தரை தட்டுப்பட்டால் வேண்டாம். எழுந்த பிறகு பள்ளம் எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்றும் கவனியுங்கள். ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில் வாங்கி, வீட்டில் இதே சோதனையைச் செய்யுங்கள். பெட்டியில் இ.என். 14404 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் அது பொருளுள்ள எண். அதில் மூன்றாம் வகை என்பது காலில் கட்டாமல் தரையில் போடும் மெத்தை. நிலை 0 என்றால் சமதரைக்கு மட்டும், கூரான பொருள் குத்துவதற்குப் பாதுகாப்பு இல்லை. நிலை 1, 2 என்றால் குத்தலையும் தாங்கச் சோதித்தது. இரும்புத் துண்டு கிடக்கிற உங்கள் மூலைக்கு 1 இருந்தால் நல்லது.

இனி பொருள். இ.வி.ஏ.யின் துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை, அதனால் தண்ணீரோ எண்ணெயோ உள்ளே இறங்காது. இன்ஜின் ஆயில் சொட்டினால் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். கட்டில் மெத்தைக்குப் போடும் சாதாரண பி.யு. (பாலியூரித்தேன்) ஸ்பாஞ்ச் அப்படியல்ல. ஒருமுறை பழைய ஆயில் குடித்துவிட்டால் ஆயுசுக்கும் கசிந்துகொண்டே இருக்கும், பேன்ட்டிலும் தோலிலும் படும். இ.வி.ஏ.க்கு எதிரி வெயில். வெயிலில் கிடந்த இ.வி.ஏ. செருப்பு சுருங்கிச் சின்னதாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மெத்தையும் அதே கதிதான். மே மாதம் காருக்குள் கண்ணாடி ஓரமாகப் போட்டு வைக்காதீர்கள், தகர ஷீட்டுக்கு நேர் கீழே பரண் மேலும் வேண்டாம். பெட்ரோல், தின்னர் தேங்கிய இடத்தில் போட்டால் உப்பி, மேல்தோல் கெட்டுவிடும்.

என்.பி.ஆர். என்கிற செயற்கை ரப்பர் எண்ணெய்க்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தப் பெயரில் விற்கிற உடற்பயிற்சிப் பாய்கள் பெரும்பாலும் முட்டிக்கு மிகவும் மிருது. பெயரைப் பார்த்து வாங்காமல் ஒரு முட்டிச் சோதனையில் தேறினால் மட்டும் எடுங்கள்.

மெமரி ஃபோமை நான் நம் ஊர் ஷெட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அதன் குணமே சூட்டில் இளகுவது. ஊட்டியில் காலையில் கெட்டியாக இருக்கும் அதே துண்டு, சேலத்தில் பிற்பகல் தகர ஷெட்டுக்குள் குழைந்து தரையைத் தொட்டுவிடும். போதாததற்கு மெதுவாகத்தான் நிமிரும். ஒரு நட்டிலிருந்து இன்னொரு நட்டுக்கு நகரும்போது முட்டி பழைய பள்ளத்தின் விளிம்பில் ஏறி நிற்கும்.

ஜெல் நல்ல பொருள்தான், அழுத்தத்தை நன்றாகப் பரப்பும். ஆனால் மேலே ஒரு மெல்லிய ஜெல் அடுக்கு, கீழே மலிவு ஸ்பாஞ்ச் என்று வருபவை அதிகம். கனமும் கூடுதல். இரும்புச் சுருள் ஒன்று கிழித்துவிட்டால் பிசுபிசுவென்று வெளியே வந்துவிடும், ஒட்ட வழியில்லை. டைல்ஸ் தரையில் வேலை செய்பவருக்கு ஒத்துவரலாம், கிரைண்டர் ஓடுகிற இடத்துக்கு ஒவ்வாது.

அளவைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. இரண்டு முட்டியையும் ஒரு தோள் அகலத்துக்கு விரித்து வைக்க இடம் வேண்டும், அதற்குத்தான் 45 செ.மீ. முன்பின் நீளம் குறைந்தால் மெத்தையின் விளிம்பு கால் எலும்பின் நடுவில் குறுக்காக அழுத்தும், அது முட்டி வலியைவிட மோசம். 30 செ.மீ. இருந்தால் தப்பிக்கலாம், 40 இருந்தால் நிம்மதி. 50 மி.மீட்டருக்கு மேல் தடிமன் போனால் ஆட்டம் காணும். ஸ்பேனரை முழுப் பலத்தோடு இழுக்கும்போது கால் ஆடக் கூடாது. தூக்கக் கைப்பிடித் துளை இருந்தால் ஓரமாக இருக்கட்டும், நடுவில் வேண்டாம். மேல்பக்கம் ஆழமான வரி வரியான டிசைனும் வேண்டாம். கைலியோ டிரவுசரோ கட்டிக்கொண்டு வேலை செய்தால் அந்த வரி அப்படியே தோலில் பதியும்.

நிறம் வெளிர் நீலமோ மஞ்சளோ எடுங்கள். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. டிரில் பிசிறும் கிரைண்டர் தூளும் கறுப்பு மெத்தையில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்ன இரும்புச் சுருள் மெத்தையில் பதிந்து, அடுத்த முறை முட்டிக்குள் இறங்கினால், அந்த இடத்தில் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை முட்டி போடும் முன்பும் மெத்தையைத் தட்டிப் போடும் பழக்கம் வரட்டும். வெல்டிங்கும் செய்வீர்கள் என்றால் இ.வி.ஏ. மேல் பொறி விழுந்தால் உருகி ஓட்டை விழும். ஒரு பழைய தோல் துண்டை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு குறைய வேண்டும் என்றால் செய்தும் கொள்ளலாம், நன்றாகவே வரும். கார் சீட் கவர் தைக்கிற கடைகளிலும் ஃபோம் கடைகளிலும் இ.வி.ஏ. ஷீட் வெட்டித் தருவார்கள். கீழே 25 மி.மீ. கெட்டி ஷீட், மேலே 10 மி.மீ. சற்று இளகிய ஷீட், நடுவில் எஸ்.ஆர். பசை (செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை). மேல் அடுக்குக்கு எம்.சி.ஆர். கிடைத்தால் இன்னும் சிறப்பு. சென்னையில் பெரியமேட்டுப் பக்கம் தோல், செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம். எம்.சி.ஆருக்கு எண்ணெய் ஆகாது என்பதால் ரெக்சின் உறை கட்டாயம். குழந்தைகள் விளையாடும் கோர்த்துப் போடுகிற மேட் மெல்லியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு ஒட்டினால் அதுவும் உதவும். சாக்கை நாலாக மடித்துப் போடுவது நம் மெக்கானிக்குகளின் பழைய வழி. வழுக்காது. ஆனால் அரை மணி நேரத்தில் தட்டையாகிவிடும்.

காலில் கட்டும் நீ பேட் டைல்ஸ் போடுபவர்களைப் போல நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு. ஒரு சக்கரத்தடியில் நாற்பது நிமிடம் இருக்கும் உங்களுக்கு அதன் பட்டை முட்டியின் பின்மடிப்பை இறுக்கும், உள்ளே வியர்வை தேங்கும், பிசிறு மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. தரை மெத்தையே போதும்.

ஸ்கூட்டர் வேலைக்கு முட்டி போடவே வேண்டாம் என்பது என் கருத்து. உயரம் குறைந்த சக்கர ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்தே பிரேக் ஷூ, கார்புரேட்டர் எல்லாம் பார்க்கலாம். இருசக்கரப் பட்டறைகளில் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்வது காரணமாகத்தான். முட்டியை காருக்கு மிச்சம் வையுங்கள்: ஜாக்கி வைப்பது, ஜாக் ஸ்டாண்டு கொடுப்பது, டிஸ்க் பேட் மாற்றுவது. (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் வேலை.) எழுந்திருக்கச் சிரமமாக இருந்தால், இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள தோட்ட வேலை ஸ்டாண்டு கிடைக்கிறது. ஒரு பக்கம் முட்டி போடலாம், கவிழ்த்தால் ஸ்டூல். கைப்பிடியை ஊன்றி எழலாம். அதில் வரும் மெத்தை பெரும்பாலும் மெல்லியது, அதன் மேல் உங்கள் மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். முன்னால் குனிந்தால் எடை முட்டிச் சில்லின் மேல் போகும், குதிகாலில் உட்கார்ந்தால் கீழே கால் எலும்புக்குப் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் ஒரே இடம் அடிபடாது. ஒரு முட்டி கீழே, ஒரு கால் ஊன்றி என்பதும் நல்ல நிலை.

காலையில் முட்டி பிடிப்பதைப் பற்றி. நடந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது, வீக்கம் இல்லை என்றால் மெத்தையை மாற்றிச் சில வாரம் பாருங்கள். முட்டிச் சில்லுக்கு முன்னால் முட்டை மாதிரி மெத்தென்ற வீக்கம் வந்தால், அங்கே தோலுக்கும் சில்லுக்கும் நடுவில் உள்ள பர்சா என்கிற சிறு திரவப் பை உரசி உரசி வீங்கியிருக்கலாம். தரை வேலை செய்பவர்கள் பலருக்கும் வருவது. அது இறங்கும் வரை முட்டி போடுவதை நிறுத்துங்கள், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். வீக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். முட்டி பூட்டிக்கொண்டது போல நின்றாலோ, மாடிப்படி இறங்கும்போது உள்ளுக்குள் வலித்தாலோ அது மெத்தை தீர்க்கிற விஷயம் இல்லை. அதற்கும் மருத்துவர்தான்.