வாசகர் கேள்வி: வணிக ஒப்பந்தமா, சட்டத் திருத்தமா?

கேள்வி: அமெரிக்காவின் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் சுங்கவரியை மட்டும்தான் குறைக்கின்றனவா, கூட்டாளி நாடுகளின் சட்டங்களையும் மாற்றுகின்றனவா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சுங்கவரி அவற்றின் முகப்பு மட்டுமே. கோஸ்டாரிகாவில் தொலைத்தொடர்பும் காப்பீடும் பல பத்தாண்டுகளாக அரசு நிறுவனங்களின் தனியுரிமையாக இருந்தன. மத்திய அமெரிக்க நாடுகளுடன் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சேர்வதற்கு அவ்விரு துறைகளையும் போட்டிக்குத் திறந்துவிட வேண்டியிருந்ததால் எதிர்ப்பு வலுத்து, 2007 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பே நடத்த நேர்ந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதத்தினர் ஆதரித்தனர். ஆயினும் தேவையான சட்டங்களை அந்நாடு இயற்றிவிட்டது என்று அமெரிக்கா ஏற்றுக்கொண்ட பிறகே, 2009 ஜனவரியில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. என் பார்வையில், கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்தக் காலத்தில்தான் வலிய நாட்டின் அழுத்தம் மிகுதியாகச் செயல்படுகிறது.

வளமான நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆஸ்திரேலியா, 2005இல் நடைமுறைக்கு வந்த தன் ஒப்பந்தத்துக்காக, ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளாக இருந்த பதிப்புரிமைக் காலத்தை 70 ஆண்டுகளாக நீட்டித்தது. சிங்கப்பூரோ (சிரிக்காதீர்கள்), 1992இல் தடை செய்த சூயிங்கத்தில், மருத்துவப் பயனுள்ள வகைகளை மட்டும், அமெரிக்காவுடனான தன் ஒப்பந்தத்துக்காக, 2004இல் மருந்தாளுநர், பல் மருத்துவர் வழியாக விற்க அனுமதித்தது.