தினமும் இரண்டு மணி நேரம் ஆடியும் ரேட்டிங் ஏறவில்லையே?

கேள்வி: எனக்கு 36 வயது, கணக்காளர் வேலை. ஒரு வருடமாகத் தினமும் இரவு இரண்டு மணி நேரம் மொபைலில் செஸ் ஆடுகிறேன், பெரும்பாலும் மூன்று நிமிட ஆட்டங்கள். ஆட்டத் திறனைக் காட்டும் ஆன்லைன் ரேட்டிங் 1100-லேயே நிற்கிறது. நான்கு மணி நேரமாவது ஆட வேண்டும் என்கிறார் நண்பர். அவ்வளவு தேவையா? இந்த வயதில் முன்னேற முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நான்கு மணி நேரம் வேண்டவே வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் நிஜமாகவே யோசிக்க வேண்டும்.

மூன்று நிமிட ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. பழகிய நகர்த்தலையே கை செய்யும், பழகிய தவறையும் சேர்த்து. நல்ல பொழுதுபோக்குதான், பயிற்சி ஆகாது. உளவியலாளர் நீல் சார்னஸ் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, தனியாக உட்கார்ந்து படித்த நேரம்தான் ஆட்டக்காரரின் பலத்தோடு அதிகம் ஒத்துப்போனது. மணிக்கணக்கும் ஆளுக்கு ஆள் மாறும். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களைப் பற்றிய 2007 ஆய்வு ஒன்றில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் ஆனது, இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல். அதனால் நண்பரின் கணக்கை விட்டுவிடுங்கள்.

முதல் இருபது நிமிடம் பஸில், அதாவது ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர். விடையைக் கடைசி வரை மனதில் கண்டுபிடித்த பிறகே காயைத் தொடுங்கள். ஊகித்துத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

மீதி நேரம் உங்கள் சொந்த ஆட்டத்துக்கு. வாரத்துக்கு இரண்டு முறை, ஆளுக்கு 30 நிமிடமாவது உள்ள ஆட்டம் ஆடுங்கள். தோற்ற ஆட்டத்தை மறுநாள் பலகையில் வைத்து, எங்கே சறுக்கியது, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எஞ்சினை, அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் மென்பொருளை, அதற்கு அப்புறம்தான் திறக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். எஞ்சின் சரியான நகர்த்தலைக் காட்டும், உங்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதைச் சொல்லாது. 2024-ல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷையே, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சின் இல்லாமல்தான் வளர்த்தார்.

ஒரு மாதம் எழுதினால் ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். உங்கள் நிலையில் அது பெரும்பாலும் காயைச் சும்மா விட்டுக்கொடுப்பதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் எதிராளி எங்கே செக் வைக்கலாம், எதை வெட்டலாம், எதை மிரட்டலாம் என்று பாருங்கள். ஓப்பனிங் எனும் தொடக்க நகர்த்தல்களின் மனப்பாடம் இப்போது தேவையில்லை. ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் முடிவாட்டங்களை வாரம் ஒரு நாள் பாருங்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கிராண்ட்மாஸ்டர் கனவுக்குத்தான் சிறு வயது வேண்டும். 1100-ஐத் தாண்டுவதற்கு 36 ஒரு தடையே இல்லை. மூன்று மாதம் ரேட்டிங்கைப் பார்க்காமல் இருங்கள். பிறகு பக்கத்தில் நடக்கும் ஒரு ஓபன் போட்டியில் பெயர் கொடுங்கள். ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்களாவது ஆடினால்தான் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் முதல் ரேட்டிங் கிடைக்கும். 2024 மார்ச் முதல் அங்கே கீழ் வரம்பே 1400 என்பதால், மொபைலில் தெரியும் எண்ணை அதோடு ஒப்பிட வேண்டாம்.